பேஷண்ட் பேச மாட்டாங்க

ஜூன் 3, திங்கள்

இன்று முழுக்க ஒரு மூட்டு வலி டாக்டரின் வீடியோவுக்கு எழுத்துப் போட்டேன். மனிதர் வாய்க்கு வாய் "வந்து, வந்து" என்கிறார். எதுவும் வந்து சேரவில்லை. ஒரு வாக்கியத்தை ஆரம்பிப்பார், பாதியில் மாட்டின் முழங்காலுக்குப் போவார், அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போவார். நான் அவர் பின்னாலேயே ஓடி எல்லாவற்றையும் பொறுக்கி, தமிழாக்கித் திரையின் அடியில் வைக்க வேண்டும்.

வாய் ஒழுங்காக உள்ளவர்கள் உளறுவதைக் கேட்டுத் திருத்தி எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. ஒற்றை விரலால் தட்டுகிறேன். அவர்களுக்குப் பெயர் பேச்சாளர். எனக்குப் பெயர் பேச்சு வராதவள்.

எனக்குப் பேச்சு வரும். கேட்கிறவர்களுக்குத்தான் பொறுமை வராது.

ரத்தப் போக்கு இன்னும் நிற்கவில்லை. போன மாதமும் இப்படித்தான். நங்கை காலையில் போர்வையை வாளியில் போட்டு முக்கும்போது வாயை இறுக்கி வைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை நங்கை என்போம். சொல்லின் அழகுக்கும் இவளுக்கும் சம்பந்தமில்லை. ராசிபலன் கேட்காமல் பல் துலக்க மாட்டாள்.

ஜூன் 5, புதன்

ஆஸ்பத்திரி. பெருந்துறை ரோட்டில், கண்ணாடி மாளிகை மாதிரி ஒன்று. சாய்வுப் பாதை கட்டியிருக்கிறார்கள். அதன் குறுக்கே பூந்தொட்டிகளை வைத்திருக்கிறார்கள். அண்ணன் தொட்டிகளை நகர்த்திவிட்டு என் சக்கர நாற்காலியைத் தள்ளினான்.

டாக்டர் கமலவேணி. பெரிய பெயர், பெரிய குரல். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். பேருந்து ஜன்னலில் தெரியும் குழந்தைக்கு ஆட்டுவோமே, அது மாதிரி. பிறகு அண்ணனைப் பார்த்து, "பாப்பாவுக்கு வயசு என்னங்க?" என்றார்.

"முப்பத்தொம்பதுங்க டாக்டர்."

"பொறந்ததுல இருந்தே இப்படியா?"

"ஆமாங்க. பொறந்தப்ப மூச்சுத் திணறிடுச்சுங்க. கை, காலு, வாயி மட்டும்தாங்க. அறிவெல்லாம் நல்லாருக்குங்க."

நல்லாருக்குங்க. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துக் காட்டுகிற மாதிரி.

நான் போனில் தட்டினேன். தட்டுவதை வாசித்துக் காட்டும் ஒரு பெண் குரல் அதில் உண்டு. போன் பெண் தன் தட்டைக் குரலில் வாசித்தாள்: "டாக்டர், என்னிடமே கேளுங்கள். எனக்குக் காது கேட்கும்."

டாக்டர் கை தட்டினார். நிஜமாகவே தட்டினார். "அட, பரவால்லயே! போனெல்லாம் யூஸ் பண்றாங்களே! வெரி குட்!" என்றுவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினார். "ஸ்கேன்ல கட்டி தெரியுது சார். ரத்தம் ரொம்பக் கொறைஞ்சிருக்கு. எடுத்துறலாம்."

அப்புறம் என்னை வெளியே தள்ளச் சொல்லிவிட்டு அண்ணனையும் நங்கையையும் மட்டும் உட்கார வைத்துப் பேசினார். நான் மீன்தொட்டிக்கு எதிரே இருந்தேன். அதில் ஒரு மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. அதையாவது நாலு பேர் நின்று பார்த்தார்கள்.

வெளியே வந்ததும் அண்ணன் சொன்னான்: "ஒண்ணுமில்ல மஞ்சு. கட்டிய மட்டும் எடுக்கறாங்க. சின்ன ஆபரேசன்."

நங்கை காரில் முழுக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். தலைவலியாம்.

ஜூன் 8, சனி

மூட்டு வலி முடிந்தது. அடுத்து முடி உதிர்தல். இவரும் வந்து, வந்து.

ஜூன் 12, புதன்

சேர்த்துவிட்டார்கள். இரண்டாவது மாடி. கட்டிலின் மணிப் பொத்தான் சுவரில் என் தலைக்கு மேலே இருக்கிறது. என் கை அங்கே போகாது. ஆபத்தென்றால் நான் எழுந்து நின்று அழுத்திவிட்டு மறுபடி படுத்துக்கொள்ள வேண்டும் என்பது திட்டம் போலிருக்கிறது.

நர்ஸ் வந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். "பாப்பாவுக்கு டயப்பர் போட்டுரலாங்க்கா, யாருக்கும் சிரமமில்ல" என்று நங்கையிடம் சொல்லிக்கொண்டே என் போர்வையை விலக்கினாள்.

"அதெல்லாம் வேண்டாங்க சிஸ்டர். கையப் புடிச்சா அவளே பாத்ரூம் போவா" என்றாள் நங்கை. வாழ்க்கையில் ஒருமுறை சரியாகப் பேசினாள்.

மாலையில் கமலவேணி பரிவாரத்தோடு வந்தார். பின்னால் பயிற்சி டாக்டர்கள், தாலி கட்டும்போது எட்டிப் பார்ப்பவர்களைப் போல. போர்வையை எடுத்தார். என்னைக் கேட்கவில்லை. திரைச்சீலையை இழுக்கவும் இல்லை. வயிற்றை அழுத்திக்கொண்டே, "பேஷண்ட் பேச மாட்டாங்க. ஹிஸ்டரியை அவங்க அண்ணிகிட்ட எடுத்துக்கங்க" என்றார்.

நான் பேசினேன். போன் எட்டாத தூரத்தில் இருந்ததால் என் வாயாலேயே, "போர்வை" என்றேன்.

"வலிக்குதாம்" என்றார் கமலவேணி பரிவாரத்திடம். அவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

நங்கைதான் முன்னால் வந்து போர்வையை இழுத்துவிட்டாள்.

ஜூன் 13, வியாழன்

ரத்தம் ஏற்றினார்கள். யாருடையதோ. கொடுத்தவராவது ஒழுங்காகப் பேசுகிறவராக இருந்திருக்கலாம்; ஏறியும் ஒரு மாற்றமும் இல்லை.

நங்கை நாள் முழுக்கக் கட்டிலோரத்தில் இருந்தாள். கஞ்சி ஊட்டினாள், வாயைத் துடைத்தாள். என் வாயிலிருந்து வருவது அவளுக்கு மட்டும்தான் ஒரே தடவையில் புரியும். அண்ணனுக்கு மூன்று தடவையாகும். நாலாவது தடவை புரிந்த மாதிரி தலையாட்டுவான். இவள் கல்யாணமாகி வந்த முதல் மாதத்திலேயே பிடித்துக்கொண்டாள். வேறு வேலை இல்லாதவள். அதற்காகப் பூமாலையா போட முடியும்?

மதியம் என் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்தி, "மஞ்சு, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும் கண்ணு" என்றாள்.

"என்ன?"

அண்ணன் இளநீரோடு வந்தான். "ஒண்ணுமில்ல, பொறவு சொல்றேன்" என்று மறுபடி நகத்தைப் பிடித்துக்கொண்டாள். டிவி சீரியல் பார்த்துப் பார்த்து இவளுக்கும் பாதியில் நிறுத்தும் பழக்கம் வந்துவிட்டது.

ஜூன் 14, வெள்ளி

ஆபரேசன் நடக்கவில்லை. இப்போது எழுத முடியாது. விரல் தவறான எழுத்தில் விழுகிறது. ஏசி அதிகம்.

ஜூன் 15, சனி

எழுதுகிறேன்.

தியேட்டர் வாசலில் நர்ஸ் என் போனை வாங்கி அண்ணனிடம் கொடுத்துவிட்டாள். உள்ளே கொண்டுபோகக் கூடாதாம். ஊமையாக்கி உள்ளே தள்ளினார்கள். தலைக்கு ஒரு பச்சைத் தொப்பி. மேலே பெரிய விளக்கு.

மயக்கம் கொடுக்கிற டாக்டர் வந்தார். ரியாஸ் என்று சட்டையில் இருந்தது. இளைஞர். கொட்டாவியை முகமூடிக்குள் விட்டுக்கொண்டிருந்தார். கையில் அட்டை. "உங்க பேரு சொல்லுங்க."

நர்ஸ் அவசரமாக, "டாக்டர், இந்தப் பேஷண்ட் பேச மாட்டாங்க. நான் சொல்லிர்றேன்" என்றாள்.

"பேஷண்ட்தான் சொல்லணும் சிஸ்டர். ரூல்" என்றார் அவர், இன்னொரு கொட்டாவியோடு.

சொன்னேன். புரியவில்லை. மறுபடி சொன்னேன். "மஞ்சு...ளா... தேவி, கரெக்டா?" என்றார். தலையாட்டினேன். அட்டையில் ஒரு டிக்.

"என்ன ஆபரேசன்னு சொன்னாங்க?"

"கட்டி."

இது முதல் தடவையிலேயே புரிந்துவிட்டது. டிக் போடப் போனவர் நிறுத்தி அட்டையைப் பார்த்தார். "கட்டியோட சேத்து யூட்ரஸையும் எடுக்கறோம். டோட்டல் ஹிஸ்டரெக்டமி. தெரியும்ல?"

அந்தச் சொல் எனக்குத் தெரியும். எத்தனையோ டாக்டர்களின் வீடியோக்களில் அதை நான் தட்டியிருக்கிறேன். 'கர்ப்பப்பையை முழுவதுமாக அகற்றுதல்' என்று திரையின் அடியில் வைத்ததே நான்தான்.

"இல்ல" என்றேன்.

அந்த ஒரு சொல் எனக்குத் தெளிவாக வரும். சின்ன வயதிலிருந்து அதிகம் பழகியது.

அப்போது கமலவேணி கையுறையோடு உள்ளே வந்தார். "ஏன் லேட்டு?"

"மேடம், பேஷண்ட் வேண்டாங்கற மாதிரி இருக்கு."

"அவங்களுக்கு என்ன தெரியும்? அண்ணன் கையெழுத்துப் போட்டாச்சு. ஆரம்பிங்க."

பயந்தால் என் உடம்பு முறுக்கிக்கொள்ளும். எப்போது வேண்டுமோ அப்போதுதான் வாய் என்னைக் கைவிடும். தாடை ஒரு பக்கம் இழுத்தது. எச்சில் வழிந்தது. நர்ஸ் துடைக்க வந்தாள். ரியாஸ், "இருங்க, அவங்க முடிக்கட்டும்" என்றார்.

"இஸ்..." என்றேன். "இஸ்...ட..."

"இஸ்திரியா?" என்றார் ரியாஸ். மேதை.

கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக வெளியே தள்ளினேன். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. ஹிஸ்டரெக்டமி. வேண்டாம். எங்கிட்ட. யாரும். சொல்லல.

ரியாஸ் அதை முழுதாகத் திருப்பிச் சொன்னார். "ஹிஸ்டரெக்டமி வேண்டாம். எங்கிட்ட யாரும் சொல்லல. அப்படித்தானே?"

"ஆமா."

ரியாஸ் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார். "மேடம், நான் மயக்கம் குடுக்க முடியாது."

"எனக்கே நீங்க ரூல் சொல்றீங்களா?"

"இல்ல மேடம். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என் பேரும் சேந்து வரும்."

வீரமெல்லாம் இல்லை. பயம். தன் வேலைக்குப் பயந்த ஒரு தூக்கக் கலக்க ஆசாமி. அந்தப் பயம் எனக்குப் போதுமாக இருந்தது. வெளியே தள்ளிக்கொண்டு வரும்போது அவர் குனிந்து என் தொப்பியைச் சரி செய்தார். எதற்கென்று தெரியவில்லை. ஆபரேசனே இல்லை, தொப்பி எப்படியிருந்தால் என்ன?

ஜூன் 16, ஞாயிறு

வீட்டுக்கு வந்தாயிற்று. அண்ணன் என் அறைக்கு வந்து அழுதான். ஊரெல்லாம் பெட்ஷீட் விற்கிறவன். கண்ணைத் துடைக்க ஒரு கர்ச்சீப் இல்லை.

"உன்ற நல்லதுக்குத்தான மஞ்சு. சொன்னா நீ கலாட்டா பண்ணுவேன்னு..." என்றான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்வை தாங்காமல், "நானாச் சொல்லல. உங்க நங்கைதான் டாக்டர்ட்டக் கேட்டா" என்றான்.

சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை. கடை கிடையாது.

நங்கையைக் கூப்பிட்டேன். சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கேட்டேன். மறுப்பாள் என்று நினைத்தேன்.

"ஆமா. மொத்தமா எடுத்துர முடியுமான்னு நாந்தான் கேட்டேன். டாக்டரும் அதுதான் நல்லதுன்னாங்க. எனக்கு முடியல கண்ணு. இடுப்பு போச்சு. ஒன்னையத் தூக்கி உக்கார வெச்சு, தொடச்சு, போர்வை அலசி... ஒவ்வொரு மாசமும் எப்படா முடியும்னு இருக்குது. ஒரு நாளு வாளியத் தூக்கீட்டு அழுதேன். ஆருகிட்டச் சொல்றது?"

"எங்கிட்டக் கேட்டிருக்கலாம்."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்தே சொன்னாள்:

"கேக்கலாம்னுதான் இருந்தேன். நீ வேண்டாம்னுட்டா? மத்தவங்கன்னா, நீ சொன்னது புரியலன்னு விட்டுரலாம். எனக்குப் புரிஞ்சுருமே, மஞ்சு."

நான் ஒரு வார்த்தை சொன்னேன். அதை இங்கே எழுத மாட்டேன். ஒரே தடவையில் புரிந்துகொண்டாள்.

ஜூன் 20, வியாழன்

நங்கையோடு பேசுவதில்லை. சோறு ஊட்ட வந்தால் வாயை மூடிக்கொள்கிறேன். அண்ணன் ஊட்டுகிறான். கன்னத்துக்கு ஊட்டுகிறான்.

போர்வையை நானே அலசுவதென்று தரையில் நகர்ந்தே பாத்ரூமுக்கு இழுத்துப் போனேன். வாளி கவிழ்ந்தது. நனைந்து அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நங்கை கதவருகே வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. "வரட்டுமா?" என்று கேட்டாள்.

அவள் போகவில்லை, வரவும் இல்லை. கடைசியில் எனக்குக் குளிர ஆரம்பித்ததால் மட்டும் "ம்" என்றேன்.

ஜூன் 24, திங்கள்

ரியாஸ் நடந்ததை அப்படியே எழுதி மேலிடத்தில் கொடுத்துவிட்டார் போலிருக்கிறது. ஆஸ்பத்திரியே கூப்பிட்டது. நான் மட்டும் உள்ளே போவேன் என்றேன். அண்ணனை மீன்தொட்டியிடம் விட்டேன்.

கமலவேணி எழுந்து நின்றார். "வாங்க மேடம்." பத்தே நாளில் பாப்பாவிலிருந்து மேடமாக வளர்ந்துவிட்டேன். "அன்னிக்கு நடந்ததைத் தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். சரியாக எடுத்துக்கொள்வது எப்படி என்று சொல்லவில்லை.

கேள்விகளை முன்பே தட்டி வைத்திருந்தேன். போன் பெண் ஒவ்வொன்றாகக் கேட்டாள். கமலவேணி என் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னார். கொஞ்சம் கஷ்டப்பட்டார், பழக்கமில்லாத வேலை. மூன்று கட்டிகள். ஒன்று சதைக்குள் ஆழமாக. கட்டிகளை மட்டும் எடுக்க முடியும். ஆனால் ரத்தச் சேதம் அதிகமாகலாம், மறுபடி வளரலாம். கர்ப்பப்பையோடு எடுத்தால் திரும்ப வராது. கருமுட்டைப் பைகளை விட்டுவிடலாம். எல்லாம் தெளிவாக, ஒரு 'வந்து' கூட இல்லாமல் சொன்னார். இவ்வளவு நன்றாகப் பேசத் தெரிந்தவர்தான் அத்தனை நாளும் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கணும். நீங்க கொழந்தை..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"முழுதாகக் கேளுங்கள்" என்றாள் போன் பெண்.

"கொழந்தை பெத்துக்கணும்னு நெனைக்கறீங்களா?"

முப்பத்தொன்பது வருடத்தில் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. வேண்டாத கேள்வி என்று எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள். நானும் என்னைக் கேட்டதில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதில் தட்ட நேரமாயிற்று. இரண்டு தடவை அழித்தேன். என்ன பதில் சொன்னேன் என்பது எனக்கும் அந்த டாக்டருக்கும் தெரியும். இங்கே எழுதுவதற்கில்லை.

ஜூன் 27, வியாழன்

எரிச்சலாக இருக்கிறது. விஷயம் இதுதான்: மீன்தொட்டி நாளன்றே என்னை உள்ளே வைத்துக் கேட்டிருந்தால், யோசித்துவிட்டு, மொத்தமாகவே எடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். மாதாமாதம் பாதி நாள் படுக்கை, மூச்சு வாங்கல், நாற்காலியில் கறை. எனக்கு மட்டும் ஆசையா?

இப்போது எடுங்கள் என்றால் அவர்கள் எல்லோரும் தலையாட்டுவார்கள். அண்ணன் நிம்மதியாகப் பெருமூச்சு விடுவான். கமலவேணி தான் சொன்னதுதான் சரி என்று பரிவாரத்துக்குச் சொல்லுவார். அதை நினைத்தாலே வேண்டாம் என்று கத்தத் தோன்றுகிறது.

ஆனால் வேண்டாம் என்றால், மறுபடி வாளி. இவர்களை ஜெயிப்பதற்காக என் வயிற்றில் கட்டி வளர்ப்பதா? அந்த அளவுக்கு இவர்கள் பெரிய ஆட்கள் இல்லை.

நங்கை கதவைத் தட்டிவிட்டு வந்து தண்ணீர் வைத்துவிட்டுப் போனாள். அவளிடம் கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்கவில்லை. இது அவள் இடுப்பை வைத்து முடிவு செய்கிற விஷயமுமல்ல, அவள் மேல் உள்ள கோபத்தை வைத்து முடிவு செய்கிற விஷயமுமல்ல.

ஜூலை 1, திங்கள்

கர்ப்பப்பையோடு எடுக்கச் சொல்லிவிட்டேன். என் நிபந்தனைகளையும் சொன்னேன். கட்டிலுக்கு எதிரே திரைச்சீலையை இழுத்துவிட்டுத்தான் எதையும் விலக்க வேண்டும். மணிப் பொத்தான் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். போன் என் கூடவே தியேட்டருக்குள் வரும். எல்லாவற்றுக்கும் சரி என்றார்கள். முதலிலேயே முடிந்திருக்கக்கூடிய காரியங்கள்.

ஜூலை 4, வியாழன்

காலையில் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்துக்கு நேரமாகும், காகிதத்தில் பாதியை அடைத்துக்கொள்ளும். கமலவேணி நின்று காத்திருந்தார். போட்டு முடித்ததும் மனசு ஆறவில்லை அவருக்கு: "இதையேதானே மேடம் நாங்க மொதல்லயே சொன்னோம்?"

தட்டினேன். போன் பெண் ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னாள்: "அண்ணனிடம் சொன்னீர்கள். என்னிடம் கேட்கவில்லை."

தியேட்டருக்குள் போனை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தார்கள். அதே ரியாஸ். அதே கொட்டாவி. "என்ன ஆபரேசன்?" என்று கேட்டார். போனை எடுக்கவில்லை. வாயாலேயே சொன்னேன், முழுதாக. அவர் காத்திருந்து, திருப்பிச் சொல்லி, டிக் போட்டார்.

ஜூலை 9, செவ்வாய்

தையல் இழுக்கிறது. இருமக் கூடாது, சிரிக்கக் கூடாது. இரண்டாவது எளிது.

ஜூலை 13, சனி

வீடு. முடி உதிர்தல் டாக்டர் அவசரப்படுத்துகிறார். உதிரட்டும்.

காலை வேளைக்கு என்னைத் தூக்கி உட்கார வைக்க ஒரு அம்மாவை ஏற்பாடு செய்திருக்கிறேன், என் சம்பாத்தியத்தில். நங்கையின் இடுப்புக்காக இல்லை. அந்த அம்மாவின் கை பலமாக இருக்கிறது, அவ்வளவுதான். நங்கை அன்று வாளியைப் பற்றிச் சொன்னதை நான் மறக்கவில்லை. அவள் செய்ததையும் மறக்கவில்லை. இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதுதான் தொல்லை.

மதியச் சாப்பாட்டுக்கு அவள் வந்தபோது வாயைத் திறந்தேன். அவள் ஸ்பூனை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். "ரசமா, மோரா?" என்றாள்.

"ரசம்."

அப்போது பிடித்த சனியன் இன்னும் விடவில்லை. எதற்கெடுத்தாலும் கேள்வி. ஜன்னலத் தொறக்கட்டா? ஃபேனக் கொறைக்கட்டா? தலகாணி ஒண்ணா, ரெண்டா? இந்த நைட்டியா, அந்த நைட்டியா? சாயந்திரம் ராசிபலன் வைக்கட்டா என்று கூடக் கேட்டாள். மனுஷிக்கு நடுவாந்திரமே கிடையாது. ஒன்று கேட்கவே மாட்டாள், இல்லையென்றால் கேட்டே கொல்லுவாள்.

ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வாய் வலிக்கிறது.